வளைமூக்குள்ளான்

தமிழ்ப் புலவர் பாடிய பறவைகள் பல. அன்னத்தையும் அன்றிலையும் கிள்ளையையும் நாரையையும் அறியாத மாணவர் நம் கல்லூரியில் இலர். சத்திமுற்றப் புலவர் தம் மனையாட்கு நாரையைத் தூது விடுத்தபொழுது, அப்பறவை தென்கோடி வரை வந்து மீண்டும் வடக்கே செல்லும் இயல்பினது என்பதைத் தெரிந்தே பாடினார். பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்தலைக் குறிக்க வலசை என்னும் அழகிய சொல்லும் நம் மொழியில் உண்டு. இவ்வளவு அறிந்த நாட்டில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்காய் வந்திறங்கி, ஆண்டின் பெரும்பகுதியை நம் கீழ்கடற்கரையிலேயே கழித்துச் செல்லும் ஒரு சிறு பறவையைப் பார்த்தவுடன் பெயர் சொல்ல வல்லார் மிகச் சிலரே. அதனை இன்னதென்று தெளியும் முறையையும் அதன் ஒழுகலாற்றையும் இக்கட்டுரையில் ஒருவாறு எடுத்துரைக்க முயல்கின்றோம்.

உள்ளான் என்பது ஒரு பறவையின் பெயரன்று. ஒரு கூட்டத்தின் பெயர். வாய்க்காலோரம் வாலையாட்டிக்கொண்டு தனியே திரிவதும் உள்ளான். வயற்சேற்றிற் பதுங்கியிருந்து வேட்டைக்காரன் காலடியினின்றும் விர்ரெனக் கிளம்புவதும் உள்ளான். உப்புப்பாத்தியில் நூற்றுக்கணக்காய் மொய்த்துச் சேற்றைக் குத்துவதும் உள்ளான். இக்கூட்டத்துள் நாம் எடுத்துக்கொண்டதனை ஆங்கிலேயர் கர்லியூ ஸாண்ட்பைப்பர் என்பர். கர்லியூ என்பது நீண்டு வளைந்த அலகுடைய பெரியதொரு கரைப்பறவை. அதன் அலகைச் சிறிதாக்கி வைத்தாற்போன்ற அலகு இதற்கு அமைந்தமையின் அப்பெயர் வந்தது. அதுபற்றியே நாமும் இதனை வளைமூக்குள்ளான் என்கின்றோம். நூலார் இட்ட இலத்தீன் பெயர் காலிட்ரிஸ் ஃபெருஜினியா. இதன் பிற்பகுதி இரும்புத்துருவின் நிறமுடையது எனப் பொருள்படும். இப்பெயரை மட்டும் மனத்திற்கொண்டு மார்கழித் திங்களிற் கோடிக்கரைக்குச் செல்லும் மாணவர் துருநிறப் பறவையைத் தேடித் தேடிக் களைத்துப்போவர். நம்மிடம் தங்குங் காலத்திற் பெரும்பகுதி அது சாம்பல்நிற ஆடையே பூண்டிருக்கும்.

அதன் வடிவம் வருமாறு: மைனாவினும் சற்றுச் சிறிய உடல், அலகு நுனி முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், 60 கிராம் அளவான எடை. கழுத்தும் கால்களும் அவ்வுடலுக்குச் சிறிது நீளமாகத் தோன்றும். அலகும் கால்களும் கருநிறத்தன. அலகு அடியிலிருந்து நுனி வரை சீராகக் கீழ்நோக்கி வளையும். பனிக்காலத்தில் முதுகு பழுப்புத் தோய்ந்த சாம்பல் நிறமாகவும், வயிறு வெண்மையாகவும், கண்ணுக்கு மேலே ஒரு வெண்புருவம் தெளிவாகவும் இருக்கும். பறக்கும்பொழுது சிறகில் ஒரு வெண்கோடும், வாலுக்கு மேலே இடுப்பிற் கலப்பற்ற ஒரு வெண்பட்டையும் தோன்றும். இவ்விடுப்புப் பட்டையை நன்கு மனத்திற்பதித்தல் வேண்டும். நூறு பறவைகள் ஒருங்கே எழுந்து திரும்பும் அந்த ஒரு நொடியில் ஐயந் தீர்ப்பது அதுவே.

ஐயம் எங்கிருந்து வருகிறதெனின், அருகில் மேயும் சுற்றத்தாரிடமிருந்து. அவற்றுள் மிகுதியாக இருப்பது கொசு உள்ளான். அது குருவியளவே ஆன சிறு பறவை. அலகு குட்டையானது, நேரானது. இரண்டும் ஒரே பாத்தியில் அடுத்தடுத்து மேயுமாதலின், உருவ வேறுபாடே போதும். சதுப்பு உள்ளானுக்கு ஊசிபோல் மெலிந்து நேரான அலகும், பசுமை கலந்த நெடுங்கால்களும் உண்டு. பறக்கும்போது வெண்மை இடுப்போடு நில்லாது முதுகின்மேல் ஆப்புப்போல ஏறிச்செல்லும். பவளக்காலிக்கு அதன் செங்கால்களே சான்று. மேல்நாட்டு நூல்களைப் படித்தவர் டன்லின் என்னும் பறவையோடு இதனை மயக்குவதுண்டு. அதற்கு அலகு நுனியில் மட்டும் வளையும், இடுப்பின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும். அது தென்னாட்டுக்கு அரிதாக வரும் பறவையாதலின், அந்நூல்களிற் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ள அச்சத்தை நம் மாணவர் பெரிதும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது எம் கருத்து.

நிறமும் அளவும் கண்ணை ஏமாற்றும் தன்மையன. காலை வெயில் எதிரே நின்றால் எல்லாக் கரைப்பறவையும் கருநிழலே. ஆதலின் முதலில் பறவையின் உருவத்தைப் பாராது, அது இரைதேடும் முறையைப் பார்க்குமாறு மாணவர்க்குக் கூறுவோம். உப்புக்கொத்தி என்னும் இனம் சிறிது ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணாற் கண்டதைக் குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். அதற்குக் கண்ணே கருவி. ஆதலின் அதன் கண்கள் பெரியன, அலகு குட்டையானது. உள்ளான் இனமோ பெரும்பாலும் கண்ணை நம்பி வாழ்வதன்று. வளைமூக்குள்ளான் தலையைத் தாழ்த்தியபடியே அடிமேல் அடிவைத்து நடந்து, தையற்காரன் ஊசி ஏறி இறங்குவதுபோலச் சேற்றை விரைந்து குத்திக்கொண்டே போகும். வயிறு தோயும் நீரிலும் இறங்கும். சிலபோது தலைமுழுதும் நீருள் மறையும். அருகில் நிற்கும் கொசு உள்ளானோ நீரின் விளிம்பிலேயே பரபரத்து மேற்பரப்பைக் கொத்தும். கால்மைல் தொலைவிலும் இவ்விரு தொழிலையும் பிரித்தறியலாம். அவ்வளவு தொலைவில் அலகின் வளைவு எவர் கண்ணுக்கும் புலப்படாது.

கண்ணுக்குத் தெரியாத புழுவைச் சேற்றுக்குள் அது எங்ஙனம் அறிகிறது? உள்ளான் இனத்தின் அலகு வெறுங் கொம்பன்று. அதன் நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைந்துள்ளன. அக்குழிகளுள் தொடுவுணர்வுக்குரிய நுண்ணுறுப்புகள் செறிந்திருக்கின்றன. சேற்றுள் அசையும் புழுவின் சிறு துடிப்பையும், சிப்பி ஒன்று கிடப்பதனால் ஏற்படும் தடையையும் அவை உணர்கின்றன. மேலும், அலகின் அடிப்பகுதி மூடியிருக்க மேலலகின் நுனியை மட்டும் தூக்கித் திறக்கும் ஆற்றலும் இவ்வினத்துக்கு உண்டு. இல்லையெனில், சேற்றில் அழுந்திய வாயை முழுதும் திறப்பதெங்ஙனம்? குருடன் கையில் உள்ள கோல் அவனுக்குக் கண்ணாவது போல இதற்கு அலகு கண்ணும் கையும் ஆகின்றது. இரவிலும் இவை மேய்வதன் காரணம் இதுவே. கடற்புழுக்கள், கொசுவினப் பூச்சிகளின் இளம்புழுக்கள், சிறு சிப்பிகள், இறால் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் ஆகியன இதன் உணவு.

உப்பளம் இதற்கு ஏன் உகந்ததாயிற்று என்பதையும் இங்கே கூறுதல் தகும். 1930-ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்தமையால் வேதாரணியத்தின் பெயர் நாடெங்கும் பரவிற்று. அவ்வூரை அடுத்த பெருஞ் சதுப்பும் உப்பளங்களும் கோடிக்கரையும் கரைப்பறவைகளால் உலகப் புகழ் பெற்றன. கோடிக்கரை 1967-இல் சரணாலயமாயிற்று; 2002-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏற்றப்பட்டது. கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து மறுபாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றவைக்கும் பொழுது, நீரில் உப்பு ஏற ஏற மீன்கள் அற்றுப்போகின்றன. அவ்வுப்பைத் தாங்கவல்ல சில சிற்றுயிர்கள் மட்டும் போட்டியின்றிப் பல்கிப் பெருகுகின்றன. பறவைக்கு அது விருந்து. எனினும் அவ்விருந்து பரிமாறப்படும் இலை மிக மெல்லியது. வளைமூக்குள்ளானின் கால் இரண்டு மூன்று விரற்கடை நீரையே தாங்கும். நீர் ஒரு சாண் உயர்ந்தால் புழு இருந்தும் பயனில்லை. நீர் வற்றிச் சேறு காய்ந்து பாளம் பாளமாய் வெடித்தால் அலகு இறங்காது. ஆதலால் எந்தப் பாத்தியில் இன்று நீர் எவ்வளவு என்பதே பறவைக் கூட்டம் இருக்குமிடத்தைத் தீர்மானிக்கின்றது. சென்ற மாசியில் யாம் மாணவருடன் சென்றிருந்தபொழுது, காலையில் ஒரு பறவைகூட இல்லாத பாத்தியில், மடை திறந்து நீர் வடிந்த இரண்டு நாழிகைக்குள் உள்ளான்கள் வந்து நிறைந்தன. பறவையைத் தேடுவோர் வானத்தைப் பார்ப்பதைவிட உப்பளத்துத் தொழிலாளரைக் கேட்பதே விரைவில் பயன்தரும்.

நிற்க. இப்பறவை எங்கிருந்து வருகிறது? நம்முன்னோர் வடக்கிலிருந்து என்றனர், அவ்வளவே அறியக்கிடந்தது. மேல்நாட்டாருக்கும் நெடுங்காலம் இது புதிராகவே இருந்தது. ஐரோப்பாவின் கரைகளில் ஆண்டுதோறும் வந்து செல்லும் இப்பறவையின் முட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை அறிவியலார் எவரும் கண்டிலர். 1875-இல் ஹென்றி ஸீபோம் என்பவரும் ஹார்வி பிரவுன் என்பவரும் ரஷ்யாவின் பெச்சோரா ஆற்றுப் பகுதிக்குச் சென்று கொசு உள்ளானின் கூட்டைக் கண்டனர். வளைமூக்குள்ளானின் கூடு அகப்படவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1897-இல், லேபோர்ன் பாப்பம் என்னும் ஆங்கிலேயர் சைபீரியாவில் யெனிசெய் ஆறு வடகடலிற் கலக்கும் பகுதியில் அதன் முட்டைகளைக் கண்டெடுத்தார். தேசப்படத்தை விரித்து அவ்விடத்தினின்று தெற்கே ஒரு கோடு இழுத்துப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகின்றோம். அக்கோடு நம் கோடிக்கரைக்கு மிக அருகே வந்து சேரும். இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 7000 கிலோமீட்டர்.

அங்கே மரங்கள் இல்லை. பாசியும் புல்லும் படர்ந்த குளிர்நிலம். ஆண்டில் ஓரிரு திங்களே பனி உருகியிருக்கும். ஆனி மாதத்தை ஒட்டி இவை அங்கே சென்றடைகின்றன. அப்பொழுது இவற்றின் ஆடை வேறு. முகமும் மார்பும் வயிறும் செங்கல்லின் நிறம் பெறும். முதுகிற் கருமையும் செம்மையும் வெண்மையும் விரவும். பெடையின் நிறம் சேவலினும் சற்று மங்கலானது, அடிப்பகுதியில் வெண்வரி மிகுந்தது. பெடை தரையிலே பாசியிடையே ஒரு குழியில் நான்கு முட்டைகள் இடும். சேவலோ ஆடிப்பாடி உறவுகொண்டதோடு தன் கடமை முடிந்ததென எண்ணித் தெற்கே கிளம்பிவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளை நடத்திக் காப்பதும் தாய்க்கே உரிய வேலை. ஏறத்தாழ இருபது நாளிற் குஞ்சு பொரிக்கும். பொரித்த நாளிலேயே குஞ்சு எழுந்தோடித் தன் பூச்சியைத் தானே பிடித்துத் தின்னும். தாயும் சில வாரங்களில் கிளம்பிவிடும். பின்னர் குஞ்சுகள், வழிகாட்டுவார் எவருமின்றி, தாம் ஒருமுறையும் கண்டிராத தென்னாட்டை நோக்கிப் புறப்படுகின்றன. ஆகவே நம் கரைக்கு முதலில் வருவன முதிர்ந்த பறவைகள். அவற்றுட் சில ஆவணியிலும் மார்பிற் செந்திட்டுகளோடு காணப்படும். இளம்பறவைகள் அதற்குப் பின் வரும். அவற்றின் முதுகிறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு உண்டாதலின் மீன்செதில் அடுக்கியதுபோலத் தோன்றும். மார்பில் இளஞ்சந்தன நிறம் தோய்ந்திருக்கும். இவ்விரண்டையும் பிரித்தெண்ணத் தெரிந்தவர்க்கு ஒரு பெரிய செய்தி விளங்கும். அதனை அடுத்துக் கூறுவோம்.

சைபீரியக் குளிர்நிலத்தில் லெம்மிங் என்னும் எலியினம் உண்டு. அது சில ஆண்டுகளிற் பெருகி மொய்க்கும். பின் சடுதியில் அருகிப்போகும். தைமீர் தீபகற்பத்தில் இவ்வேற்றமும் வீழ்ச்சியும் மூன்றாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்ததாக நெடுங்காலக் குறிப்புகள் காட்டின. எலி மிகுந்த ஆண்டிற் பனிநரிக்கு வயிறார உணவு கிடைக்கும்; அது பறவைக் கூட்டை நாடாது. எலி அருகிய ஆண்டிலோ பசித்த நரிகள் நிலமெங்கும் அலைந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டு தீர்த்துவிடும். அவ்வாண்டு வலசை வருங் கூட்டத்தில் இளம்பறவைகளைக் காண்பது அரிதாகும். தென்னாப்பிரிக்கக் கரையில் வந்து தங்கும் உள்ளான்களைப் பிடித்து ஆராய்ந்தோர், அவற்றுள் இளம்பறவை எத்தனை பங்கு என்பதைக்கொண்டே சைபீரியாவில் அவ்வாண்டு எலி மிகுந்ததா குறைந்ததா என்பதனை ஒப்பிட்டுக் காட்டினர். வேதாரணியத்து வரப்பில் நிற்கும் ஒருவர் ஐப்பசியில் நூறு உள்ளான்களை எண்ணி அவற்றுட் செதில்முதுகு எத்தனை எனக் குறித்துவைப்பாராயின், வடதுருவத்தருகே நரி என்ன தின்றது என்பதைப் பற்றி அவரும் ஒருவாறு பேசலாம்.

வந்த முதிர்ந்த பறவைகள் உடனே பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன வளர்க்கத் தொடங்கும். நெடும்பயணத்தில் நைந்த சிறகுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளச் சில திங்கள் ஆகும். அக்காலத்தில் இவற்றுக்கு வேண்டுவன அமைதியும் உணவும். நாய் துரத்தினாலும் நாம் புகைப்படத்துக்காக நெருங்கினாலும் கூட்டம் எழுந்து வட்டமிட்டு அமரும்; ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்பிற் சிறிது வீணாகும். பங்குனி, சித்திரையில் மீண்டும் செந்நிறம் ஏறும். உடலிற் கொழுப்பு சேர்ந்து எடை பெருகும். இக்கொழுப்பே வழிச்செலவுக்குரிய கட்டுச்சோறு.

இச்செய்திகளுட் பல பறவையின் காலில் இட்ட வளையங்களால் வந்தன. 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார், சலீம் அலி அவர்களின் ஊக்கத்தால், கோடிக்கரையில் நெடுங்காலம் பறவைகளைப் பிடித்து, அளந்து, எண் பொறித்த உலோக வளையம் இட்டு விடுவித்தனர். பீகார் நாட்டின் மீர்ஷிகார் என்னும் மரபுவழி வேடர், பறவைக்கு ஊறு நேராமற் பிடிக்கும் தம் கைத்திறனை இப்பணிக்கு உதவினர். கொல்லுதற்குக் கற்ற வித்தை காத்தற்குப் பயன்பட்டது கண்டு மகிழ்கின்றோம். இந்தியாவில் வளையமிடப்பட்ட கரைப்பறவைகள் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் மீளக் கிடைத்துள்ளன.

அச்சங்கத்தார் தம் நீண்ட காலக் குறிப்புகளைக்கொண்டு, கோடிக்கரைக்கு வருங் கரைப்பறவைகளின் தொகை முன்னைய நாட்களினும் பெரிதுங் குறைந்துவிட்டது என எடுத்துக்காட்டியுள்ளனர். பிற நாடுகளிலும் செய்தி நன்றாயில்லை. ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வளைமூக்குள்ளான்கள் வழியிற் சீன நாட்டை ஒட்டிய மஞ்சட்கடலின் சேற்றுக்கரைகளில் இறங்கி இரையுண்டே மேற்செல்லும். அக்கரைகளிற் பெரும்பகுதி தூர்க்கப்பட்டு நிலமாக்கப்பட்டது. 2015-இல் ஆஸ்திரேலிய அரசு இதனை அழிவின் விளிம்பில் உள்ள பறவை என அறிவித்தது. 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் அழியத்தக்க நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. ஆயிரக்கணக்காய்க் கண்முன் நிற்கும் பறவை அழிதற்கு உரியது என்றால் நம்புதல் அரிதே. எண்ணிப் பார்த்தவர்க்கே அது தெரியும். எண்ணுதற்கு இனந்தெரிதல் வேண்டும். 1987 முதல் ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது; மாணவரும் அதிற் பங்கு கொள்ளலாம். அங்கே ஒருவர் உள்ளான் 500 என்று எழுதிவைத்தால், அவ்வைந்நூற்றுள் கொசு உள்ளான் பெருகி வளைமூக்குள்ளான் பாதியாய்க் குறைந்திருப்பினும் அவ்வேட்டில் எண் மாறாது. இடுப்பின் வெண்பட்டையையும் அலகின் வளைவையும் பற்றி மேலே இவ்வளவு விரித்தது அதனாலேயே. ஐயமுள்ளவற்றை இனந்தெரியாதன எனத் தனியே எழுதுதலும் நல்ல கணக்கே.

வளையமிட்ட பறவை இறந்து கிடக்கக் கண்டால், வளையத்திலுள்ள எண்ணையும் முகவரியையும் எழுத்துப் பிசகாமற் குறித்து, கண்ட இடத்தையும் நாளையும் சேர்த்துச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். உயிருள்ள பறவையின் காலில் வண்ணத் துண்டு தெரிந்தால், அவ்வண்ணங்கள் மேலிருந்து கீழாக எவ்வரிசையில் உள்ளன என்பதை மறவாது எழுதுக. எந்நாட்டில் இட்டது என்பதை அவ்வரிசை காட்டும்.

பறவை புறப்படும் காட்சியைக் காண விரும்புவோர் சித்திரை மாத மாலைகளில் உப்பளத்துக்குச் செல்லலாம். வெயில் தாழ்ந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழும்; மெல்லிய சிர்ரிப், சிர்ரிப் என்னும் ஒலி அங்கங்கே கேட்கும். முப்பது நாற்பது பறவைகள் எழுந்து, வழக்கம்போற் பக்கத்துப் பாத்தியில் இறங்காமல், மேலும் மேலும் உயர்ந்து வடக்கு நோக்கி வரிசைகொள்ளும். அவையெல்லாம் செம்மார்பின. பாத்தியிலே தலைநிமிராது சேற்றைக் குத்திக்கொண்டு ஒரு சிறு கூட்டம் எஞ்சி நிற்கும். அவை சென்ற ஆண்டு பிறந்தவை. இன்னும் சாம்பல் நிறம் மாறாதவை. முதற்கோடையில் அவற்றுட் பெரும்பாலன வடக்கே செல்வதில்லை. ஆனி வெயிலில் பாத்திகள் காய்ந்து உப்புப் பூத்துக் கிடக்கும் நாட்களிலும், நீர் தேங்கிய ஏதேனும் ஒரு மூலையில் அவற்றைக் காணலாம்.